ராணி என்றொரு உருவகம்

தேன்கூட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்த்தது ஓர் அரசாங்கத்தை. பூச்சியைப் பார்த்தது அப்புறம். சிலர் கடைசிவரை பார்க்கவில்லை. ராணி, வேலைக்காரி, சிப்பாய் என்று பள்ளிப் பாடப் புத்தகம் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்ட இச்சொற்களை உருவகம் என்றே யாரும் நினைப்பதில்லை. அவை பெயர்களாகிவிட்டன. பெயராகிவிட்ட உருவகத்தை மறுபடி உருவகமாகக் காட்டுவது விமர்சனத்தின் வேலைகளில் ஒன்று என்றால், அதைப் பூச்சிகளிடமிருந்து தொடங்குவதில் தவறில்லை. கூட்டம், தனிமனிதன், தியாகம், போட்டி என்று நம்மிடையே சதா புழங்கும் வார்த்தைகளெல்லாம் எப்போதாவது ஓர் எறும்பு வளையில் போய்க் கால் இடறுகின்றன. கூட்டு உழைப்பைப் பாட வருகிறவனும் எறும்பைக் கூப்பிடுகிறான். நகரத்து மனிதனின் முகமற்ற தன்மையை எழுத வருகிறவனும் அதே எறும்பைத்தான் கூப்பிடுகிறான். இரண்டு பேருக்கும் அது மறுப்பில்லாமல் வந்து நிற்கிறது. கூப்பிட்ட எவனுக்கும் வந்து நிற்கும் படிமம் சந்தேகத்துக்குரியது.

வர்ஜில் தன் விவசாயக் காவியத்தின் நான்காம் பகுதியைத் தேனீக்களுக்குக் கொடுத்தான். கி.மு. 29 வாக்கில் முடிந்த காவியம். அவனுடைய கூட்டை ஆள்வது ஓர் அரசன். தேனீக்களுக்குப் புணர்ச்சி கிடையாது, குஞ்சுகளை இலைகளிலிருந்து வாயால் பொறுக்கி வருகின்றன என்றும் அவன் நம்பினான். உள்நாட்டு யுத்தங்களால் சலித்துப்போன ரோமானியனுக்கு, காமமும் வாரிசுச் சண்டையும் இல்லாத ஒரு ராஜ்யம் தேவைப்பட்டிருக்கவேண்டும். 1609இல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார், பெண்ணரசு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தேனீப் புத்தகம் எழுதி, அரசனை அரசியாக்கினார். எலிசபெத் இறந்து ஆறு வருஷங்களே ஆகியிருந்த தேசத்தில் இது ஒன்றும் கூச்சம் தரும் மாற்றமல்ல. பட்லருக்கு நல்ல காது. கூடு பிரிகிற பருவத்தில் இளம் ராணிகள் எழுப்பும் குழலோசையைக் கேட்டு, அதை ஸ்வரப்படுத்தி அச்சிலும் ஏற்றினார். அந்த ஓசை இளவரசி தாயிடம் ‘என்னைப் போக விடு’ என்று கெஞ்சுவது என்று அவருக்குப் பட்டது. இன்று நமக்குத் தெரிந்தவரை, தாய் அதற்குள் ஒரு கூட்டத்தோடு வெளியே போயிருக்கும். முதலில் அறையை விட்டு வெளிவந்த மகள் ஒரு விதமாகக் குழலூதுகிறது. இன்னும் மெழுகு அறைக்குள் அடைபட்டிருக்கும் சகோதரிகள் வேறு விதமாகப் பதில் கொடுக்கின்றன. வெளியே வந்தது உள்ளே இருப்பவற்றைக் கொட்டிக் கொல்லப் பார்க்கும். எதை எப்போது வெளியே விடுவது என்பதில் கை வைத்திருப்பவை வேலைத்தேனீக்கள்; ராணி அறைகளின் மூடியை உள்ளிருந்து கடிக்கக் கடிக்க அவை வெளியிலிருந்து திரும்ப மெழுகு பூசுகின்றன. பட்லருடைய ஸ்வரங்கள் பிசகில்லாதவையாக இருந்திருக்கலாம். உறவைத்தான் அவர் தப்பாகக் கேட்டார்.

அரசனின் வயிற்றைக் கிழித்துப் பார்க்க ஒரு டச்சுக்காரன் வேண்டியிருந்தது. ஸ்வாமர்டாம் உருப்பெருக்கியின் அடியில் வைத்து அறுத்து, அங்கே சூலகத்தைக் கண்டான். அவன் 1680இல் இறந்துபோனான். அந்தச் சித்திரங்கள் அச்சாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த அரசனா அரசியா தகராறு தமிழில் இவ்வளவு தூரம் நீண்டிருக்காது என்று நினைக்கிறேன். நம் இலக்கணத்தில் தேனீ அஃறிணை. ‘அது முட்டையிட்டது’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு ஆண் மகுடமும் வேண்டாம், பெண் மகுடமும் வேண்டாம். கூடு, கூட்டம், கூடல் என்று உறைவிடமும் திரளும் புணர்ச்சியும் ஒரே ஒலியில் தொடங்கும் ஒரு பாஷை, இந்த விஷயத்துக்கென்றே செய்து வைத்ததுபோல் கையிலிருக்கிறது. நாம் என்ன செய்தோம்? பாடப்புத்தகக்காரர்கள் இங்கிலீஷிலிருந்து ராணியை இறக்குமதி செய்து உட்கார்த்தி வைத்தார்கள். ராணி வந்ததும் வேலைக்காரி வந்தாள். வேலைக்காரி வந்ததும் விசுவாசம் வந்தது.

ராணி என்றால் ஆள்வது. தேன்கூட்டின் ராணி எதை ஆள்கிறது? கூடு எப்போது பிரிவது, எங்கே போய்த் தங்குவது, எந்தப் புழுவுக்கு ராயல் ஜெல்லியை நிறுத்தாமல் ஊட்டி இன்னொரு ராணியாக வளர்ப்பது, இவையெல்லாம் வேலைத்தேனீக்களின் கையில். ராணி முட்டையிடுகிறது, நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு 1,000க்கு மேல். தன் இருப்பைத் தெரிவிக்கும் ஒரு வாசனையை வெளியிடுகிறது. அந்த வாசனை கட்டளையா, வெறும் தகவலா என்பது ஒரு பழைய விவாதம். ‘நான் இருக்கிறேன், நன்றாக முட்டையிடுகிறேன்’ என்ற தகவல் கேட்பவர்களுக்கும் லாபம் தருவது, அதனால்தான் அவை அதற்கு இணங்குகின்றன என்று 1993இல் கெல்லரும் நோனாக்ஸும் வாதித்த பிறகு, கட்டளை என்ற கட்சியின் பக்கம் ஆள் குறைந்துவிட்டது.

தேனீ இலக்கியத்தில் மிகவும் புகழ்பெற்ற புத்தகம் மேட்டர்லிங்க் 1901இல் எழுதியது. நாடகாசிரியன், குறியீட்டியக்கத்தைச் சேர்ந்தவன், 1911இல் நோபல் பரிசு பெற்றவன். அவன் மோசமான பார்வையாளன் அல்ல; கூடு வளர்த்தவன், ஆண்களை வேலைத்தேனீக்கள் கொன்று தள்ளுவதையும் ராணிகள் ஒன்றையொன்று கொல்வதையும் கண்ணால் கண்டு எழுதினவன். கோளாறு கண்ணில் இல்லை. ஒவ்வொரு கொலையையும் கண்டவுடன் அதைக் ‘கூட்டின் ஆன்மா’ என்ற ஒன்றின் சித்தமாக மாற்றிவிடுகிறான். யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. எல்லாம் எங்கோ மேலே தீர்மானமாகிவிட்டது. அவனுடைய நாடகங்களில் பாத்திரங்கள் கண்ணுக்குத் தெரியாத விதிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலவே தேனீக்களும் உட்கார்ந்திருக்கின்றன. நாடகத்தில் அது ஒரு வெற்றி. கூட்டில் அது ஒரு தப்பித்தல்.

அவனுக்குப் பின்னால் யூஜீன் மராய் என்ற தென்னாப்பிரிக்கக் கவி. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் எழுதினவன். கரையான் புற்றை ஒரே மிருகம் என்றான்: ராணி மூளை, வேலைக்காரர்கள் ரத்த அணுக்கள், புற்றின் சுவர் தோல். 1926இல் மேட்டர்லிங்க் கரையானைப் பற்றி ஒரு புத்தகம் போட்டபோது, அது தன்னிடமிருந்து திருடியது என்று மராய் குற்றம் சாட்டினான். தன்னிலை அற்ற ஒரு ஜீவசமூகத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதினார்கள். எழுதியது யாருடையது என்பதில் அடித்துக்கொண்டார்கள். மராய் 1936இல் தற்கொலை செய்துகொண்டான், புத்தகம் இங்கிலீஷில் வந்தது அதற்கு அடுத்த வருஷம். மேட்டர்லிங்கைவிட மராயின் உருவகம் வலுவானது என்பதே என் அபிப்பிராயம், காரணம் அதைச் சோதிக்க முடியும். ஒரு மிருகத்தின் ரத்த அணு தனக்கென்று பிள்ளை பெற முயல்வதில்லை. தேன்கூட்டிலும் குளவிக்கூட்டிலும் பெரும்பாலான எறும்பு இனங்களிலும் வேலைக்காரியிடம் சூலகம் இருக்கிறது. ஆணோடு சேராமலே அது முட்டையிட முடியும், அம்முட்டை ஆணாகும். உடம்பு என்ற உருவகம் உடைவது இந்தச் சூலகத்தின்மேல் மோதித்தான்.

(மாண்டவிலை இந்த வரிசையில் சேர்க்காமலே விடலாம். 1705இல் அவன் பாடிய முணுமுணுக்கும் தேன்கூடு லண்டன்தான். தேனீக்கு அதில் முகமூடி வேலை. தனி மனிதப் பேராசை பொது நன்மையாகிறது என்ற அவன் கட்சி பிறகு பொருளாதாரக்காரர்களிடம் போய்ச் செழித்தது. தேன்கூடு அந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது என்பது கீழே தெரியும்.)

டார்வின் 1859இல், பிள்ளை பெறாத பூச்சிகள் தன் கொள்கைக்கே எமனாகிவிடுமோ என்று பயந்ததை மறைக்கவில்லை. இனப்பெருக்கத்தில் ஜெயித்தவை மிஞ்சுகின்றன என்றால், இனப்பெருக்கமே செய்யாதவை தலைமுறை தலைமுறையாக எப்படி வந்துகொண்டிருக்கின்றன? தேர்வு தனி ஜீவனோடு நிற்காமல் குடும்பத்தின் மேலும் வேலை செய்யலாம் என்று குறிப்பிட்டுவிட்டு அவர் நகர்ந்தார். அதைக் கணக்காக்கினவர் டபிள்யூ. டி. ஹாமில்டன், 1964இல். அந்த வேலையின்போது அவர் லண்டனில் அநேகமாகப் பேச ஆளில்லாமல் இருந்த மாணவர். மனித முகங்களுக்கு நடுவே இருக்கவேண்டும் என்பதற்காகவே வாட்டர்லூ ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்து எழுதியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒத்துழைப்பின் கணக்கு பிறந்த இடம் ஒரு பிரயாணிகள் பெஞ்சு.

கணக்கு இது. என்னிடமுள்ள ஒரு ஜீன் என் பிள்ளை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டும் என்பதில்லை. என் உறவினரிடமும் அதன் பிரதி இருக்க வாய்ப்புண்டு. நான் கொடுக்கும் உதவியால் அவருக்குக் கிடைக்கும் லாபத்தை எங்கள் உறவின் அளவால் பெருக்கினால் வருவது என் நஷ்டத்தைவிட அதிகமாக இருந்தால், கொடுக்கும் குணம் பரவும். எறும்பு, தேனீ, குளவி மூன்றிலும் ஆணுக்குத் தகப்பன் கிடையாது, அது கருவுறாத முட்டையிலிருந்து வருவது. ஆகவே தகப்பனும் ஒன்றேயான சகோதரிகளுக்குள் உறவு 3/4. சொந்த மகளோடு 1/2தான். மகளைவிடச் சகோதரி நெருக்கம் என்ற இந்த எண் ரொம்ப நாள் ஒரு மந்திரம்போல் உச்சரிக்கப்பட்டது. அது பலவீனமான மந்திரம்: சகோதரனோடு உள்ள உறவு 1/4க்கு இறங்கிவிடுகிறது, கரையானுக்கு இந்த ஏற்பாடே இல்லை, தேனீ ராணி சேர்வது பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு. 2010இல் எட்வர்ட் வில்சனும் வேறு இருவரும் கணக்கையே தூக்கியெறியவேண்டும் என்று எழுதியபோது, அடுத்த வருஷம் 130க்கும் அதிகமான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ருசி இல்லை. 3/4 போன பிறகும் கணக்கு வேறு ஒரு திசையில் எதைக் காட்டிற்று என்பதுதான் விசேஷம்.

வேலைத்தேனீயின் இடத்தில் நின்று பார்க்கலாம். தன் மகன் 1/2. தாயின் மகன், அதாவது சகோதரன், 1/4. உடன் உழைக்கும் இன்னொரு வேலைத்தேனீயின் மகன்? ஒரே தகப்பன் என்றால் 3/8; வேறு தகப்பன் என்றால் 1/8. தகப்பன்கள் பலர் என்பதால் சராசரி 1/4க்கும் கீழே. ஆக, ஒவ்வொன்றுக்கும் தன் மகன்மேல் ஆசை. பக்கத்திலிருப்பதன் மகனைவிடத் தாயின் மகன் மேல். ஒவ்வொன்றும் முட்டையிட விரும்பவேண்டும், மற்றது இட்ட முட்டையை ஒழிக்கவும் விரும்பவேண்டும். 1988இல் ராட்னீக்ஸ் இதைக் காகிதத்தில் போட்டார். 1989இல் விஷரும் அவரும் கூட்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். ராணியின் ஆண் முட்டைகளையும் வேலைத்தேனீக்களின் ஆண் முட்டைகளையும் ஒரே கூட்டில் வைத்தால், ஒரு நாளைக்குள் பின்னவை அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. முன்னவற்றில் ஏறக்குறையப் பாதி இருந்தது. வேலைத்தேனீக்களே தின்றுவிட்டன. ராணி இருக்கும் கூட்டில் வளர்ந்து வெளிவரும் ஆண்களில் வேலைத்தேனீக்குப் பிறந்தது ஆயிரத்தில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். நாம் தியாகம் என்று படித்தது இதுதான். வேலைத்தேனீ பிள்ளை பெறாமல் இருப்பது அதன் மனசு பெரியது என்பதாலும் இல்லை, ராணி அடக்கி வைப்பதாலும் இல்லை. பெற்றால் தின்றுவிடுவார்கள். யார்? அதைப் போலவே பெறாமலிருப்பவர்கள். தின்பதால்தான் முட்டையிடுவது வீண். வீண் என்பதால்தான் பெரும்பாலானவை முயல்வதுமில்லை. முயலாததால் அந்த உழைப்பு சகோதரிகளுக்குப் போகிறது. 2006இல் வென்ஸலீர்ஸும் ராட்னீக்ஸும் ஒன்பது குளவி இனங்களையும் தேனீயையும் வைத்து ஒப்பிட்டதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ராணி இருக்கும் கூடுகளில், முட்டை தின்னும் கண்டிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக வேலைக்காரிகள் முட்டையிட முயல்கின்றன. ராணியை எடுத்துவிட்டால் நிலைமை மாறி, உறவு நெருக்கம் எங்கே அதிகமோ அங்கேதான் தாமாக ஒதுங்கி நிற்பவை அதிகம். முதலாவது கட்டாயம். இரண்டாவது, வேண்டுமானால், அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பூச்சிக்குள். கூட்டு உழைப்பைப் பாடுகிறவனிடம் முதலாவது இல்லை. முகமற்ற கூட்டம் என்று அலுத்துக்கொள்கிறவனிடம் இரண்டாவது இல்லை.

விஞ்ஞானிகளும் உருவகத்திலிருந்து தப்பிவிடவில்லை. முட்டை தின்பதற்கு அவர்கள் வைத்த பெயர் போலீஸ் வேலை. ஆஸ்திரேலியாவில், ராணி இருக்கும்போதே வேலைத்தேனீக்கள் ஏராளமாக முட்டையிட்ட ஓர் அபூர்வக் கூடு அகப்பட்டபோது, அவற்றுக்கு அராஜகவாதிகள் என்று பெயர் வந்தது. ராஜாங்கம் போய் போலீஸ் ராஜ்யம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். வர்ஜிலின் அரசன் கேள்வியை அடைத்துவிட்டான். இந்தப் போலீஸ், காவலுக்கு யார் கூலி கொடுப்பது, காவல்காரனே முட்டையிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்விகளைத் திறந்துகொண்டே போகிறது. ஓர் உருவகத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பிரேஸிலில் டைனோபோனெரா என்ற பெரிய எறும்பு. அதில் ராணி என்ற தனி உருவமே கிடையாது. வேலைக்காரிகளில் ஒன்று மேலே நின்று முட்டையிடும். அடுத்த இடத்திலிருப்பது சவால் விட்டால், மேலே நிற்பது சண்டை போடுவதில்லை. தன் கொடுக்குப் பக்கத்துச் சுரப்பியிலிருந்து ஒரு திரவத்தை எதிராளிமேல் பூசிவிட்டுப் போய்விடும். கீழ்மட்டத்து எறும்புகள் வந்து, பூசப்பட்டதைப் பிடித்து, நாள்கணக்கில் அசையவிடாமல் வைத்திருக்கும். விட்டபோது அதன் சவால் போயிருக்கும். பிடித்து வைப்பவற்றுக்கு இதில் முட்டையிடும் நம்பிக்கை ஏதும் கிடையாது, தலைமை மாறுவதால் லாபமும் கிடையாது. தென்னாசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்படும் டயாகம்மா எறும்புகளில் இதைவிடக் கொடிய ஏற்பாடு. ஒவ்வொரு பெண்ணும் சிறகு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மொட்டுக்களோடு கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருகிறது. பல இனங்களில், வந்தவுடன் அவற்றைக் கடித்துத் துண்டித்துவிடுவார்கள். மொட்டுப் போனது பிறகு ஆணோடு சேராது, ஆயுசு முழுக்க வேலைக்காரி. முட்டையிடுவது இறந்துபோனால், அதற்கப்புறம் முதலில் வெளிவருவது மொட்டோடு தப்பித்துக்கொண்டு, அடுத்து வருகிறவற்றின் மொட்டுக்களைக் கடிக்கத் தொடங்குகிறது. இங்கே ராணி என்றால் கடிபடாமல் போன ஒன்று.

இதெல்லாம் வன்முறை. வன்முறைதான் விஷயம் என்று முடித்துக்கொண்டால் அதுவும் ஒரு வசதியான இலக்கியப் பார்வையாகிவிடும். குளவிகளிடம் சண்டை வரிசையை முதலில் விஸ்தாரமாக எழுதினவர் 1940களில் இத்தாலியில் லியோ பார்டி. அவர் பார்த்த காகிதக் குளவியில் அடித்து மேலே நிற்பதே முட்டையிடுவது. குளவிக் கூடென்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஆயிற்று. அதைக் கலைத்தது பெங்களூர்.

ரோபாலிடியா மார்ஜினாட்டா நம் வீடுகளின் சன்சேட்டுக்கு அடியிலும் ஜன்னல் மூலையிலும் சாம்பல்நிறக் காகிதக்கூடு கட்டுகிற சாதாரணக் குளவி. தென்னிந்தியாவில் அதைப் பார்க்காத கண் இராது. துரத்தாத துடைப்பமும் இராது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராகவேந்திர கதக்கரும் அவர் மாணவர்களும் பல பத்து வருஷங்கள் ஒவ்வொரு குளவிக்கும் வர்ணப்புள்ளி வைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். (2001இல் வந்த அவர் புத்தகம் இந்த ஒரே குளவியைப் பற்றியது.) இக்குளவியில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வேற்றுமை இல்லை. இருக்கிறவற்றிலேயே சாதுவானவற்றில் ஒன்றைக் காட்டினால், அது ராணியாக இருக்க வாய்ப்புண்டு. அது யாரையும் அடிப்பதில்லை, வேலை ஏவுவதில்லை. இரை தேடப் போவதை வேலைக்காரிகள் தங்களுக்குள்ளேயே இடித்தும் தள்ளியும் ஒழுங்கு செய்துகொள்கின்றன. முட்டை மட்டும் ராணியுடையது.

அந்தச் சாதுவை எடுத்துவிட்டால், சில நிமிஷங்களில் ஒரு வேலைக்காரி மூர்க்கமாகிவிடுகிறது. ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றை அடிக்கிறது, கடிக்கிறது. யாரும் திருப்பி அடிப்பதில்லை. ராணியைத் திரும்ப வைத்தால் அது அடங்கிவிடும். வைக்காவிட்டால், ஒரு வாரம் போல் ஆனதும் முட்டையிடத் தொடங்கி, மூர்க்கம் தானாக இறங்கி, அதுவும் இன்னொரு சாதுவாகிவிடுகிறது. அடுத்தது எது என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் உடம்பின் அளவு, சூலகம், சண்டை வரிசை எல்லாவற்றையும் அளந்து தோற்றார்கள். வயதில் மூத்ததற்கு வாய்ப்பு அதிகம், நிச்சயமில்லை. குளவிகளுக்குத் தெரியுமா? 2008இல் வெளியான ஒரு சோதனை மிகவும் அழகானது. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலை வைத்தார்கள். ராணி ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் ஒன்று மூர்க்கமாயிற்று. பிறகு ராணியை இந்தப் பக்கம் மாற்றினார்கள். வாரிசு ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தால், முதலில் மூர்க்கமானதே அசல் வாரிசு, அல்லது அசல் இவ்வளவு நேரம் ராணியோடு அந்தப் பக்கம் இருந்திருக்கவேண்டும். இரண்டும் நேர்ந்தன, மூன்றாவதாக ஒன்று தலைகாட்டவே இல்லை. அசல் வாரிசை வலைக்கு அந்தப் பக்கத்துக் குளவிகளும் சண்டையில்லாமல் ஏற்றுக்கொண்டன. 2012இல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே போய், வரிசையில் ஐந்து பேர் வரை நிற்பதைக் கண்டார்கள். அந்த ஐந்தும் எந்த அடையாளமும் இல்லாமல் மற்றவற்றோடு கலந்திருந்தவை.

எனக்கு இந்தக் குளவி, நான் மேலே சொன்ன புத்தகங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. இதில் போட்டி இல்லை என்று சொல்ல முடியாது. வேலைக்காரி கூட்டைவிட்டுப் போய்த் தானாக ஒரு கூடு கட்டிக்கொள்ளலாம், பலவும் அப்படிப் போகின்றன. இருந்து காத்திருப்பவையும் தியாகிகளல்ல, வரிசையில் நிற்பவை. ஆனால் அந்த வரிசை எப்படி அமைந்தது, எங்கே எழுதியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. சண்டை நடந்து முடிந்து அதன் தழும்புகூட மறைந்துபோன ஒரு ஏற்பாட்டை ஒத்துழைப்பு என்று நாம் வெளியிலிருந்து அழைக்கிறோம். மேட்டர்லிங்க் இதைப் பார்த்திருந்தால் கூட்டின் ஆன்மா என்றிருப்பான். வலையை நடுவே வைத்துப் பார்த்தவர்களுக்கு ஆன்மா தேவைப்படவில்லை.

இன்னொன்றும் நம் பக்கத்து ஜீவன்தான். ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர், தாவிக்குதித்து இரை பிடிக்கும் எறும்பு. 1851இல் ஜெர்டன் பெயரிட்டது. ராணி இறந்ததும் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று தட்டும் ஒரு போட்டி, வாரக்கணக்கில். யாருக்கும் காயமில்லை. ஜெயிப்பவை பல, அவை முட்டையிடத் தொடங்குகின்றன, ஏழு மாத ஆயுள் சில வருஷங்களாக நீள்கிறது, சூலகம் பெருக்கிறது, மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. இரை தேடப் போகாததற்கு எதற்கு அவ்வளவு மூளை? 2021இல், முட்டையிட்டுக்கொண்டிருந்தவற்றைச் சில வாரம் தனியே பிரித்துவைத்துத் திரும்பக் கூட்டில் விட்டார்கள். மற்றவை பிடித்து அடக்கி வைத்தன. மறுபடி அவை வேலைக்காரிகளாயின. மூளை திரும்ப வளர்ந்தது. ராணியும் வேலைக்காரியும் இரண்டு வர்க்கங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அவை ஒரே உடம்பு போகவும் வரவும் செய்கிற இரண்டு நிலைகள்.

கட்டுப்பாடு அற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, மாண்டவிலின் சிஷ்யர்களுக்காக. தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் வாழும் கேப் தேனீயின் வேலைக்காரி, ஆணோடு சேராமலே பெண்ணைப் பெறும்; அந்த மகள் கிட்டத்தட்ட அதன் பிரதி. 1990இல் இத்தேனீப் பெட்டிகளை வடக்கே கொண்டுபோனார்கள். வேறு இனத் தேனீக்களின் கூட்டுக்குள் ஒன்று புகுந்தது. அதன் முட்டைகளை அந்தக் கூட்டுக் காவல் கண்டுகொள்ளவில்லை. பிறந்தவை தேன் சேர்ப்பதில்லை, புழுவுக்கு ஊட்டுவதில்லை, முட்டையிடும். கூடு மடியும், அடுத்த கூட்டுக்குப் போகும். ஆயிரக்கணக்கில் கூடுகள் அழிந்தன. ஆராய்ந்ததில் எல்லாம் ஒரே ஒரு வேலைத்தேனீயின் வம்சம். தனி லாபம் முழுசாக ஜெயித்த இடத்தில் பொது நன்மையும் இல்லை, பொது என்ற ஒன்றும் இல்லை. எந்தக் கூட்டையும் அவற்றால் கட்ட முடியாது. மற்றவை கட்டியதைத் தின்ன முடியும்.

கரையானைச் சொல்லாமல் விட்டால் ராணியைப் பற்றிய பேச்சு பாதியில் நிற்கும். ஈசலை நாம் ஒரு நாள் வாழ்வின் அடையாளமாக்கிவிட்டோம். மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி மொய்த்துக் காலையில் சிறகுக் குவியலாகக் கிடப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் நம் வறுசட்டிக்கும் போய்விடுகின்றன. தப்பிய ஜோடி சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போகிறது. அதற்கப்புறம் பல வருஷங்கள். ஆண் தேனீயைப்போல் இந்த ஆண் புணர்ந்தவுடன் செத்துவிடுவதில்லை. கூடவே தங்குகிறது. வர்ஜில் தேடின அரசன் உண்மையில் இங்கேதான் இருக்கிறது, புற்றின் அறைக்குள். அதைப் பற்றி யாரும் காவியம் எழுதவில்லை. ஜப்பானில் ரெடிகுலிடெர்மிஸ் என்ற கரையானைப் பற்றி 2009இல் மட்ஸூராவும் சகாக்களும் கண்டது இது: ராஜாவோடு கூடிப் பெறும் முட்டைகளிலிருந்து வேலைக்காரர்கள் வருகிறார்கள். தனக்குப் பின் ராணியாக வேண்டியவற்றை மட்டும் ராணி ஆணின் துணையில்லாமல், தன் பரம்பரையிலிருந்து மட்டுமே பெற்றுவைக்கிறது. அது இறந்ததும் அவை, பல, ஒரே சமயத்தில் அதன் இடத்துக்கு வருகின்றன. ராஜா அதே ராஜாதான்.